சப்வேயில் சங்கரா மீன்

“சப்வேயில தண்ணி நின்னு இன்னையோட பன்னெண்டு நாளாச்சு மெம்பரே” என்றாள் அங்கம்மாள்.

“பதினொண்ணு” என்றார் வார்டு மெம்பர் சேதுபதி. “ரயில்வே ஆபீசுக்குப் போட்ட மனுவுல பதினொண்ணுன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். நீ பாட்டுக்கு ஒரு நாளைக் கூட்டிறாத. பொய் மனுன்னு தூக்கிப் போட்ருவாக.”

“நாளு கூடுனா எனக்கென்ன, கொறஞ்சா எனக்கென்ன? தண்ணி கொறையணும்.”

கொடைரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிறது கொழிஞ்சிப்பட்டி. முன்னெல்லாம் ஊருக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் ஒன்று இருந்தது. எந்நேரமும் அடைத்தே கிடக்கிறது என்று ஊரே முனகியது. முனகினதற்குப் பலனாகக் கேட்டை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சப்வே வெட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் வெளியேற ஒரு குழாயும் வைத்தார்கள். அந்தக் குழாயின் வாய் மட்டும் ரோட்டைவிட இரண்டடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் தானாக எக்கிக் குதித்து வெளியே போய்விடும் என்று கட்டினவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

புயல் வந்தது. மூன்று நாள் மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து, அந்த வெள்ளமெல்லாம் சப்வேக்குள் இறங்கி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஆள் உயரத்துக்குத் தண்ணீர்.

ஊர்க்காரர்கள் தண்டவாள மேட்டில் ஏறி, இரண்டு பக்கமும் ரயில் பார்த்து, அந்தப் பக்கம் சறுக்கி இறங்கினார்கள். பால்கேன் ஏறி இறங்கியது. கத்தரிக்காய் மூட்டை ஏறி இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே இரண்டு தடவை ஏறி இறங்கினார்கள். ஏற முடியாதவள் ஒருத்திதான். அங்கம்மாளின் மகள் கௌசல்யா. தலைப்பிரசவம். நாள் நெருங்கிவிட்டது.

“ரத்தக்கொதிப்பு இருக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. வலி எடுத்த அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். இப்பவே சேத்துக்கங்கன்னா கட்டில் இல்லங்குறாக. சின்னாளபட்டியில நாத்தனா வீட்ல விடலாம்னா அங்க வீட்டுக்குள்ள முழங்காத் தண்ணி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சப்வே வரைக்கும் வந்துருவோம், நீங்க அதத் தாண்டி இந்தப் பக்கம் வந்துருங்கன்னு சொல்றாக.”

“நல்ல மனுசங்க” என்றார் சேதுபதி.

“மெம்பரே! ஊர்ல நாலு ஆயில் இன்ஜின் இருக்கு. ஒரு நாள் ஓட்டுனா தண்ணி வத்திப்போகும்.”

சேதுபதி குரலைத் தாழ்த்தினார். “அங்கம்மா, உனக்கு விவரம் பத்தாது. அது கெவர்மெண்டு தண்ணி. அத நாம ஒருக்கா எறச்சோம்னு வையி, பொழுதுக்கும் நாமதான் எறைக்கணும். எறைக்கிற ஊருன்னு பேரு ஆயிரும்.”

கத்தரித் தோட்டக்காரர் பொன்னழகுவிடம் கேட்டாள். அவரிடம்தான் பெரிய இன்ஜின்.

“தாரேன் தாயி, தாராளமா. மெம்பர் மொதல்ல சரின்னு சொல்லட்டும்.”

மெம்பரிடம் போனால், “பொன்னழகு மொதல்ல இன்ஜினக் கொண்டாரட்டும்.”

வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்து உட்கார்ந்தாள். கௌசல்யா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“கவலப்படாதம்மா. உள்ள இருக்குறதுகிட்டச் சொல்லிட்டேன். சப்வே காயட்டும், அப்புறம் வா சாமின்னு.”

“என்ன சொல்லுச்சு?”

“ஒதச்சிச்சு.”

அப்போதுதான் அங்கம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை ஒருத்தரும் இறங்கக் கூடாது. ஊர்ப் பெரிய மனிதர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால், ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஊரே பாயும். ஊத்தா என்றால் அடியில்லாத கூடை. தண்ணீரில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டு மீனை எடுக்க வேண்டியது. பிடித்த மீனை விற்கக் கூடாது. அவரவர் சட்டிக்குத்தான் போக வேண்டும்.

அடி பம்பில் தண்ணீர் பிடிக்க நின்ற ஸ்ரீமதியின் காதுக்குள் போய்ச் சொன்னாள்.

“யாருகிட்டயும் சொல்லிறாதடி. மறுகால்ல வந்த விராலெல்லாம் சப்வேக்குள்ளதான் கெடக்கு. என் கண்ணால பாத்தேன். தொட தண்டி.”

“யாரு தொட?”

“பொன்னழகு தொட.”

“ஆத்தீ! சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மதினி” என்று சொல்லிவிட்டு, குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஸ்ரீமதி ஓடினாள்.

அங்கம்மாள் குடத்தோடு வீட்டுக்கு வருவதற்குள் அவள் தம்பி மலைச்சாமி வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

“அக்கா, சேதி தெரியுமா? சப்வேக்குள்ள கன்னுக்குட்டி தண்டி விராலு! முன்னூறு கெடக்காம்!”

“ஏலே, மெதுவா பேசு. அது நான் விட்ட புரளி.”

மலைச்சாமியின் முகம் செத்துப்போனது. “அப்ப மீனு இல்லையா?”

“இல்ல. அதனாலதான் உன்னத் தேடுறேன். மேட்டுல ஏறி அந்தப் பக்கம் போ. நாலு விரால் உசுரோட வாங்கு. ஆளில்லாத மத்தியானமாப் பாத்து உள்ள விட்டுரு. நாளைக்கு எறைச்சதும் நாலாவது கெடைக்கணும். இல்லேன்னா என்னைய அந்தச் சேத்துலயே பொதச்சிருவாக.”

“அம்புட்டுத்தான? விட்டாச்சுன்னு வச்சுக்க” என்று கிளம்பினான்.

சாயங்காலம் சேதுபதி ஊர்க்கூட்டம் போட்டார்.

“நான் அப்பயும் சொன்னேன், இப்பயும் சொல்றேன். தண்ணி கெவர்மெண்டு தண்ணி. ஆனா மீனு நம்ம கண்மாய் மீனு. நம்ம மீன எடுக்குறதுக்கு இடைஞ்சலா இருக்குற தண்ணிய அப்புறப்படுத்துறதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்ல.”

“வெள்ளைத் துண்டு யாரு வீசுறது?” என்றார் பொன்னழகு.

“மெம்பர்தான் வீசணும்.”

“இன்ஜின் என்னுது.”

“துண்டு என்னுதுய்யா!”

மறுநாள் விடியும்போதே நாலு இன்ஜினும் சப்வே வாயில் நின்றன. பன்னிரண்டு நாள் ரிப்பேர் என்று சொன்ன இன்ஜின்கூட ஒரே இழுப்பில் ஓடியது. குழாய்கள் ஓடைப் பக்கமாகத் தண்ணீரைக் கக்கின. ஆள் உயரம் கழுத்தானது. கழுத்து இடுப்பானது. ஊரே ஊத்தாவோடு கரையில் நின்றது. மிளகாய் அரைத்து வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. கௌசல்யா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, குடை பிடித்து உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அங்கம்மாள் மெதுவாகத் தம்பி பக்கத்தில் போய் நின்றாள்.

“விட்டியாலே?”

“விட்டேன்.”

“நாலா?”

“மூணு.”

“சரி போகுது. துள்ளிக் குதிச்சு ஓடுச்சா?”

மலைச்சாமி இன்ஜினையே பார்த்தான். “துள்ளல.”

“ஏன்?”

“விரால் கெடைக்கலக்கா. பண்ணைக் கொளமெல்லாம் வெள்ளத்துல ஒடஞ்சிருச்சாம். யாசின் பாய்கிட்டச் சங்கராதான் இருந்துச்சு.”

“சங்கரா கடல் மீனுல்லடா!”

“மீனு மீனுதானக்கா? தண்ணி தண்ணிதான?”

“எடுபட்ட பயலே. அது ஐசுல கெடந்த மீனுடா. செத்தது எப்படிடா துள்ளும்?”

“செத்தது மட்டும் இல்லக்கா” என்றான் மலைச்சாமி, இன்னும் மெதுவாக. “கொடலும் இல்ல. பாயிக்குக் கை பழகிப்போச்சு. பேசிக்கிட்டே செதிலச் செரண்டி, செவுளப் புடுங்கி, வயித்தக் கீறி, கழுவியும் குடுத்துட்டாரு. வெட்ட வேணாம்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள முடிச்சுட்டாரு.”

பக்கத்திலேயே நாற்காலியில் இருந்த கௌசல்யாவுக்கு இது நன்றாகக் காதில் விழுந்தது. குடை குலுங்கியது.

“சிரிக்காதடி!”

“சிரிக்கலம்மா” என்றாள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு.

அந்நேரம் சேதுபதி துண்டை வீசினார். பொன்னழகும் இன்னொரு துண்டை வீசினார். ஊர் “ஓ”வென்று இறங்கியது.

முதலில் அகப்பட்டது ஒரு செருப்பு. அப்புறம் ஒரு தவளை. அதற்கப்புறம் ஒரு இரும்புப் பலகை. சேற்றைத் துடைத்து ஸ்ரீமதி வாசித்தாள். “எச்சரிக்கை. இங்கு தண்ணீர் தேங்கும்.”

“இதச் சொல்றதுக்கா தண்ணிக்குள்ள போயி படுத்துக் கெடந்துச்சு?” என்றார் பொன்னழகு. அடுத்த நிமிசம், “மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு!” என்று கத்தி ஊத்தாவுக்குள்ளிருந்து ஒன்றைத் தூக்கினார். செக்கச்செவேல் என்று ஒரு மீன். அது எந்தப் பக்கமும் ஆடாமல், அவர் கையில் சொன்ன பேச்சு கேட்டு இருந்தது.

“இது விராலு இல்லையே” என்றாள் ஸ்ரீமதி.

“சங்கராடி. கடல் மீனு” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

“கடல் மீனு கொழிஞ்சிப்பட்டிக்கு எப்படி வந்துச்சு?”

எல்லாரும் சேதுபதியைப் பார்த்தார்கள். மெம்பர் என்றால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“புயல் எங்கருந்து வந்துச்சு?” என்றார் அவர்.

“கடல்லருந்து.”

“அப்புறம் என்ன கேள்வி? அதோட வந்துருச்சு.”

ஊர் அதை ஒப்புக்கொண்டது. பொன்னழகு மட்டும் மீனைப் புரட்டிப் பார்த்தார். “புயலு கூட்டியாந்துச்சு, சரி. வயித்தையும் அதுதான் கீறுச்சா?”

“இன்ஜின்ல அடிபட்டிருக்கும்.”

“செதிலு?”

“அம்புட்டுத் தொலைவு வருதுல்ல, தேஞ்சிருக்கும்யா!”

இந்த ஆராய்ச்சி நடக்கும்போதே அந்தப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. கணுக்கால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு, மீன் பெட்டியோடு மொபெட்டில் வந்துகொண்டிருந்தார் முகமது யாசின். பதிமூன்று நாளுக்குப் பிறகு அந்தச் சப்வேயைக் கடந்த முதல் வண்டி.

“மாஷா அல்லா, வழி விட்ருச்சு போல!” என்று வண்டியை நிறுத்தினவர் பொன்னழகு கையைப் பார்த்தார். “அட, நம்ம சங்கரா! என் வெட்டு எனக்குத் தெரியாதா? ஏம்ப்பா மலைச்சாமி, கொழம்பு வைக்கத்தான வாங்கிட்டுப் போன? இங்க கொண்டாந்து எதுக்கு ஊற வச்சிருக்க?”

நாலு இன்ஜினையும் யாரோ அமர்த்தினார்கள். ஊர் மொத்தமும் மலைச்சாமியைப் பார்த்தது. மலைச்சாமி அக்காவைப் பார்த்தான்.

“ஆமா, நான்தான்” என்றாள் அங்கம்மாள். “மனுன்னு சொன்னேன், ஆபீஸ் வரல. மகள்னு சொன்னேன், நீங்க வரல. மீனுன்னு சொன்னேன், மொளகா அரச்சு வச்சுட்டு வந்தீக. இப்ப என்ன செய்யணுமோ செய்ங்க.”

“இது ஊர ஏமாத்துன குத்தம்” என்று சேதுபதி துண்டை உதறித் தோளில் போட்டார். “இதுக்கு நான்...”

அவர் மேலே பேச முடியவில்லை. கௌசல்யா அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. “தேஞ்சிருக்குமாம்! செதிலு தேஞ்சிருக்குமாம்!” என்று நாற்காலியே ஆட ஆடச் சிரித்தாள். அவளைப் பார்த்து ஸ்ரீமதி சிரித்தாள். பொன்னழகு மீனும் கையுமாகச் சிரித்தார். கடைசியில் கௌசல்யா சிரிப்பை நிறுத்தினாள். குடையைக் கீழே போட்டாள்.

“அம்மா.”

“என்னடி?”

“வலிக்குது. இது சிரிப்பு வலி இல்ல.”

அதற்கப்புறம் குத்தமாவது பஞ்சாயத்தாவது. ஸ்ரீமதி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். “சப்வே தாண்டி உள்ளயே வாங்கண்ணே, தண்ணி இல்ல” என்றதை அந்த டிரைவர் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். நாலு இன்ஜினும் மறுபடி உறுமின. ஊத்தாவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊரே மண்வெட்டியும் வாளியுமாகச் சேற்றை வழித்தது. சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டி, அந்த எச்சரிக்கைப் பலகையாலேயே சேறு தள்ளினார். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் ஆடி ஆடி வந்து சேர்ந்தது.

“என்னங்க இம்புட்டு மீன் வாடை?” என்றார் டிரைவர்.

“அதெல்லாம் பெரிய கதை. ஏத்துங்க, ஏத்துங்க!”

கதவைச் சாத்தும்போது சேதுபதி ஓடிவந்தார். “அங்கம்மா! குத்தம் குத்தம்தான். ஊருக்கே மீன் கொழம்பு வச்சுத் தரணும். மறந்துறாத!”

“வந்து வைக்கிறேன் மெம்பரே! ஏன்டி ஸ்ரீமதி, புளிய ஊறப் போடு! நல்லெண்ணெயில வதக்கணும்டி, தேங்கா ஊத்திக் கெடுத்துறாத!”

“அம்மா!” என்று உள்ளிருந்து கத்தினாள் கௌசல்யா. “நான் இங்க இருக்கேன்!”

ஆம்புலன்ஸ் சப்வேக்குள் இறங்கி, சேற்றில் ஒரு தடவை வழுக்கி, மறுபக்கம் ஏறிப் போனது. அன்று பொழுது சாய ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

ஆறாம் நாள் ஆட்டோவில் பிள்ளையோடு திரும்பினார்கள். சப்வே வாயில் சேதுபதி ஒரு காகிதத்தோடு நின்றார்.

“ஆபீஸ்லருந்து பதில் வந்திருக்கு. தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, தேங்கிய நீர் முழுவதும் அகற்றப்பட்டதுன்னு.”

“யாரு அகத்துனாகளாம்?”

“அது எழுதல. குழாயப் பத்தியும் எழுதல.” சேதுபதி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சப்வேக்குள் பார்த்தார். ராத்திரி பெய்த மழையில் அங்கே கணுக்காலுக்குமேல் தண்ணீர் நின்றது. வியாழக்கிழமை இன்னொரு மழை என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். “அங்கம்மா, பிள்ளைக்கு மாசாமாசம் ஊசி போடக் கூட்டிட்டுப் போகணும்ல?”

“ஆமா மெம்பரே.”

“அப்ப இந்தத் தடவ என்ன மீனுன்னு சொல்லலாம்?”

அவள் பதில் சொல்வதற்குள், பின்னால் மொபெட்டில் காத்து நின்ற யாசின் பாய் ஹாரன் அடித்தார்.

“எதுவா இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிருங்க தாயி. வெட்டாம தாரேன்.”