பத்தொன்பது தடவை திறந்த கேள்வி

அம்மா, நீ தினமும் போனில் "அப்புறம் என்னடி ஆச்சு" என்று கேட்கிறாய். நானும் "ஒண்ணும் இல்லம்மா" என்று தட்டிக் கழிக்கிறேன். இன்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். துணி மடித்துக்கொண்டே பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அண்ணனுக்கும் படித்துக் காட்டு. பாதியில் பயந்துபோய் எனக்குப் போன் பண்ணாதே, கடைசி வரை படி.

முதலில், நான் டாக்டர்களுக்கு மருந்து விற்கவில்லை என்று அண்ணனிடம் சொல். அவன் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். டாக்டர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு ஆப் செய்கிறோம். எங்கோ ஒரு சின்ன ஊரில் இருக்கும் டாக்டருக்கு ஒரு நோயாளியின் தொந்தரவு பிடிபடவில்லை என்றால் அதில் கேள்வி போடுவார். நோயாளியின் பெயர் வராது. வயசு, பார்க்கும் வேலை, என்ன தொந்தரவு, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் யாராவது பதில் சொல்வார்கள். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்து வரைவது என் வேலை.

மூன்று மாசம் சோதனை ஓட்டம். அதற்குள் டாக்டர்களுக்கு இது பழக்கமாகவில்லை என்றால் ஆஸ்பத்திரி கையெழுத்துப் போடாது. எங்களைக் கலைத்துவிடுவார்கள். இந்த நாட்டில் நான் தங்கும் விசா அந்த வேலையோடு கட்டியது, அதுவும் போய் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். போன மாசம் போனில் என் குரல் கம்மியதற்கு சளி என்று சொன்னேன். சளி இல்லை.

இரண்டாவது மாசத்தில் எல்லாம் இறங்க ஆரம்பித்தது. கேள்வி வருகிறது, பதில் சொல்ல ஆள் குறைகிறது. எங்கள் பாஸ் பெரிதாகத் திட்டவில்லை. தினமும் காலையில் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டு, "ம்ம்" என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போதுதான் பக்கத்து இருக்கை புரோகிராமர் ஒன்றைக் காட்டினார். அவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவோம், நானும் தாடி அண்ணா என்பேன்.

"இங்க பாரு. ஒரே ஆள், ஒரே கேள்விய பத்தொம்பது தடவ திறந்திருக்காங்க. அதுவும் அஞ்சு வாரத்துக்கு முன்னாடி முடிஞ்ச கேள்வி. ஆப் தானா திறந்துக்குது போல. கோளாறு."

நான் நேரங்களைப் பார்த்தேன். "காலைல ஒன்பது மணி, மத்தியானம் ஒண்ணரை. சாப்பாட்டு நேரம் மாதிரி இருக்கே அண்ணா."

"கோளாறுக்குப் பசிக்கக் கூடாதா?"

அவர் அதைக் கோளாறு என்று பதிந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. கேள்வியைத் திறந்து படித்தேன். நாற்பத்தொரு வயது ஆண், பேக்கரியில் வேலை, மூன்று மாசமாக வறட்டு இருமல், எக்ஸ்ரே சுத்தம், எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பதில் சொன்னவர் ஒரு நுரையீரல் டாக்டர்: "மாவுத் தூசியாக இருக்கலாம். லீவு நாளில் இருமல் குறைகிறதா என்று கேளுங்கள்." கேட்டவர் நன்றி சொல்லியிருந்தார். கீழே பச்சை டிக், பக்கத்தில் சின்னப் பூட்டு. அந்தப் பூட்டு நான் வரைந்தது. எங்கள் ஆபீசில் எந்தக் கோளாறும் ஒரு சீட்டாகத்தான் வரும். சரி செய்தால் பச்சை டிக் விழும், சீட்டைப் பூட்டிவிடுவோம், அதற்குமேல் யாரும் அதில் எழுத முடியாது. பச்சையைப் பார்த்தால்தான் எங்களுக்கு வீட்டுக்குப் போக மனசு வரும். அதையே இங்கேயும் வைத்திருந்தேன்.

பத்தொன்பது தடவை திறந்தவர் யார் என்று பார்த்தேன். கேட்டவர் இல்லை. பதில் சொன்ன நுரையீரல் டாக்டர்.

தான் எழுதிய இரண்டு வரியை ஒருவர் எதற்கு அத்தனை தடவை படிக்க வேண்டும்? இரண்டு நாள் இதே நினைப்பு. குளிக்கும்போதும் அதுதான். அப்புறம் நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று பாஸிடம் அனுமதி கேட்டேன். "ம்ம்" என்றார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி. நீளமான நடை, சுவரோடு திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவில் நம்பர் மாறும் ஒரு பெட்டி. எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். நான் பயந்தால் எனக்கு இருமல் வரும், உனக்குத்தான் தெரியுமே. வந்துவிட்டது. கதவு திறந்தது. குட்டையாக, கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கவிட்ட ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"எத்தன நாளா இருமல்?"

"இல்ல டாக்டர், நான் ஆப்..."

"ராத்திரி அதிகமா இருக்கா?"

"நான் நோயாளி இல்ல டாக்டர். அந்த ஆப்ப வரஞ்சவ."

அவர் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டார். "பூட்டு போட்டது நீதானா? உள்ள வா. உன்னத்தான் தேடிட்டிருக்கேன்."

நான் உள்ளே போனேன். உட்காரச் சொன்னார். மேசையில் பாதி சாப்பிட்ட ஆப்பிள், பழுப்பேறியிருந்தது. நான் பத்தொன்பது தடவை விஷயத்தைச் சொன்னேன்.

"பத்தொம்பதுதானா? அதுக்கு மேல இருக்கும்னு நெனச்சேன்."

"அது பூட்டியிருக்குன்னு தெரியும்ல டாக்டர். அப்புறம் ஏன் திறந்து பாக்கறீங்க?"

"வீட்ல ஃப்ரிட்ஜ நீ எதுக்குத் திறந்து திறந்து பாக்குற? உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"அவர் கேட்டாரு, நான் சொன்னேன், நன்றின்னாரு. டக்குனு டிக் விழுந்து பூட்டிக்கிச்சு. அந்த பேக்கரிக்காரருக்கு இருமல் நின்னுச்சா, இல்லையா?"

"பதில் வந்துட்டதால, அது முடிஞ்சதா..."

"யாருக்கு முடிஞ்சது?"

அவர் தன் போனை என் பக்கம் திருப்பி அந்தப் பூட்டைக் காட்டினார்.

"உங்க ஆப்ல முப்பது பேருக்குப் பதில் சொல்லியிருக்கேன்மா. ஒருத்தர் முடிவும் தெரியல. சீரியல்ல கடைசி வாரம் கரண்ட் போன மாதிரி. நான் சொன்னது சரியா தப்பான்னே தெரியாம அடுத்த ஆளுக்கு என்னன்னு சொல்றது? அதான் சொல்றதையே விட்டுட்டேன். என் கூட இருக்கறவங்களும் விட்டுட்டாங்க."

எண்கள் ஏன் இறங்கின என்று அப்போது புரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆபீசில் பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "தீர்ந்த கேள்வி இத்தனைன்னுதான் ஆஸ்பத்திரிக்குக் காட்டறோம். பூட்ட எடுத்தா எதுவுமே தீராது. நாம எதக் காட்டறது?"

"ஒரே ஒரு கேள்வி சார். அந்த பேக்கரிக் கேள்வி மட்டும்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரில கூட்டம். அது வரைக்கும்தான்."

பச்சை டிக்கையும் பூட்டையும் எடுத்தோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி வைத்தேன்: "அப்புறம் என்ன ஆச்சு?" அதைத் தொட்டால் எழுதலாம். கேட்ட டாக்டரின் போனுக்கு அந்த வரி மட்டும் போய் நிற்கும்.

தாடி அண்ணா பார்த்துவிட்டு, "என்னது இது, எங்கம்மா கேக்கற மாதிரி இருக்கு" என்றார்.

"எங்கம்மாவும் இப்படித்தான் அண்ணா."

செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. அந்த இரண்டு நாளும் உன் போனை நான் எடுக்காததற்குக் காரணம் இதுதான். எடுத்தால் அதே கேள்வியை நீயும் கேட்பாய், என்னிடம் பதில் இல்லை. எந்தப் பெட்டியில் எதை வைத்துக் கட்டுவது என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெரிய குக்கரைப் போன வருஷம்தான் வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. சின்ன ஊர் டாக்டர் எழுதியிருந்தார்:

"இத எழுத இடம் தேடிட்டே இருந்தேன் மேடம். லீவு நாள்ல இருமல் குறையுதான்னு கேட்டேன். குறையல, லீவு நாள்லதான் கூடுதுன்னாரு. அப்ப லீவுல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். மாடியில புறா வளக்கறாரு, லீவு நாள் பூரா கூண்டு சுத்தம் பண்றது. ஸ்கேன் எடுத்துப் பாத்தா புறா இறகு, எச்சத்தோட தூசிதான் நெஞ்சுல வேலை காட்டியிருக்கு. ரெண்டு வாரம் அவர் அண்ணன் வீட்ல தங்கச் சொன்னேன். இருமல் பாதியா குறஞ்சிருக்கு. மாவு இல்ல மேடம். ஆனா நீங்க அந்தக் கேள்விய கேக்கச் சொல்லலன்னா நான் பேக்கரியவே சுத்தி வந்திருப்பேன்."

நான்கு நிமிஷத்தில் நுரையீரல் டாக்டர் எழுதினார்: "நான் சொன்னது தப்பு. ரொம்ப சந்தோஷம். எத்தன புறா?"

"முப்பத்திரண்டு."

சாயங்காலத்துக்குள் அறுபது டாக்டர்கள் அதைப் படித்துவிட்டார்கள். ஒருவர் தனக்கு வந்த கிளிக்காரரைப் பற்றி எழுதினார். இன்னொருவர், இனி யார் இருமினாலும் மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்கப்போவதாக எழுதினார். இரண்டு வாரமாக வாய் திறக்காதவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தாடி அண்ணா தான் பதிந்த கோளாறைத் தேடி எடுத்து, "கோளாறு நம்ம பக்கம்" என்று மாற்றி எழுதினார்.

வெள்ளிக்கிழமை பாஸ் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். வழக்கம்போல என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "ம்ம்" வரவில்லை. எனக்கு இருமல் வந்தது.

"புறாவ என்ன பண்ணாராம்?" என்றார்.

"சார்?"

"அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பணும்ல. முப்பத்திரண்டு புறாவையும் என்ன பண்ணாரு? காலைலேருந்து ஏழு தடவ திறந்து பாத்துட்டேன். யாரும் எழுதல."

"தெரியல சார்."

"கூட்டத்துல எண்ணிக்கையைப் பத்தி யாரும் பேசல. அந்த நுரையீரல் டாக்டரம்மா அரை மணி நேரம் புறாவப் பத்தியே பேசுனாங்க. எல்லாக் கேள்வியிலயும் பூட்ட எடுத்துரு. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க." போகும்போது திரும்பி, "அந்த வரி உன் யோசனையா?" என்றார்.

"எங்கம்மா யோசனை சார்."

அவர் அதை நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

விசாவைப் புதுப்பிக்கத் தாள்கள் போயிருக்கின்றன. குக்கரை நான் பெட்டியில் வைக்கவே இல்லை, அண்ணனிடம் சொல். அந்த பேக்கரிக்காரர் புறாக்களைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம், நேற்றுத்தான் எழுதியிருக்கிறார்கள். தங்கை இருமுகிறாளா என்று நுரையீரல் டாக்டர் உடனே கேட்டிருக்கிறார். இன்று காலையிலிருந்து நான் நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.