சேனாபதி அங்கிளுக்கு ஒரு வழியனுப்பு

அமெரிக்க ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கென்று மாதம் ஒரு செய்திமடல் உண்டு. இரண்டே பக்கம். யார் வீட்டுப் பூனை காணாமல் போனது, சலவை அறையில் எந்த மெஷின் ஓடவில்லை, யாருடைய தோட்டப் பாத்தியில் சுரைக்காய் மிஞ்சிக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். மூன்று வருடமாக அதை எழுதி முந்நூறு வீடுகளுக்கும் ஈமெயிலில் அனுப்பிவந்தவள் எழிலரசி. கோபிசெட்டிபாளையத்துப் பெண். வேலை மருந்துக் கம்பெனியில் என்றாலும், அவளுக்கு உயிர் அந்த இரண்டு பக்கத்தில்தான்.

மே மாத மடலை வெள்ளிக்கிழமை மாலை அவசரமாக முடித்தாள். அடுப்பில் பருப்புக்குத் தாளித்தபடியே, மூன்றாவது மாடி மீனாக்ஷி ஆன்ட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டாள். "எழில், நாளைக்கு வீட்டைக் காலி பண்றோம்மா..." மிச்சத்தைக் கடுகு வெடித்த சத்தம் விழுங்கிவிட்டது.

எழிலரசிக்கு மகள் பிறந்தபோது ஒரு மாதம் முழுக்கப் பத்திய ரசம் வைத்துக் கொடுத்தவர் ஆன்ட்டி. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலேயே எழுதினாள்: பதினெட்டு வருடம் நம்மோடு இருந்த மீனாக்ஷி ஆன்ட்டியும் சேனாபதி அங்கிளும் நம்மை விட்டுப் போகிறார்கள். நாளை காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்து வழியனுப்புவோம்.

மறுநாள் கேசரி டப்பாவோடு அவள் போனபோது மூன்றாவது மாடி வரை படிக்கட்டில் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டு விஷாகா டோக்ளா கொண்டுவந்திருந்தாள். கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு நான்கு வருடமாக அங்கிளோடு பேசாத லின் கூடப் பூங்கொத்தோடு வந்திருந்தாள்.

கதவைத் திறந்த அங்கிள் திகைத்துப் போனார். "என்னம்மா இது, இவ்ளோ கூட்டம்?"

"நீங்க கிளம்பறீங்கன்னுதானுங்க அங்கிள். எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஊரா? அதோ, எதிர்ல தெரியுதே, அந்த பில்டிங்குக்கு. ஆன்ட்டிக்கு முட்டி வலி, மாடி ஏற முடியல. அதான் கிரவுண்ட் ஃப்ளோர் கேட்டு வாங்கினோம்."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. எழிலரசிக்குக் காது மடல்வரை சூடேறியது. "ஐயோ, நான் மெசேஜை முழுசாக் கேக்கலீங்க. நியூஸ்லெட்டர்ல வேற போட்டுட்டேன்!"

"நல்லவேளை போட்டே," என்றார் ஆன்ட்டி உள்ளேயிருந்து. "சாமான் தூக்க வரேன்னவங்க இப்பத்தான் போன் பண்ணி வரலைன்னுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள இந்த வீட்டுச் சாவியை அபார்ட்மென்ட் ஆபீஸ்ல குடுக்கணும். அங்கிளும் நானும் கையைப் பிசைஞ்சுண்டு நிக்கறோம்."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. பாத்திரப் பெட்டிகள் படிக்கட்டில் கைமாறிக் கைமாறி இறங்கின. எழிலரசியின் கணவன் மதன் மூன்று பேரோடு சேர்ந்து ஃப்ரிட்ஜை இறக்கினான். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையை லின் பிடித்தாள், மறுமுனை அங்கிளுக்கு வந்தது. "லெஃப்ட்! நோ, யுவர் லெஃப்ட்!" என்று அவள் அதட்ட, அவர் மறுபேச்சில்லாமல் திரும்பினார்.

ஒரு மணிக்கெல்லாம் வீடு மாறிவிட்டது. பிரிவுக்கென்று கொண்டுவந்த பலகாரத்தைப் புது வீட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லோரும் தின்று தீர்த்தார்கள். 'உங்களை மறக்கமாட்டோம்' என்று காலையில் படிக்கட்டில் நின்றபடி ஐம்பது பேர் கையெழுத்திட்ட அட்டையை ஆன்ட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டார்.

அன்று மாலையே எழிலரசி மடலுக்கு ஒரு திருத்தம் எழுதினாள். அனுப்பும் முன் ஆன்ட்டிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள்.

"எல்லாம் சரி. கடைசில ஒண்ணு சேத்துக்கோ," என்றார் ஆன்ட்டி. "நாளைக்கு நாலு மணிக்குக் காபி போடறேன், யார் வேணா வரலாம்னு. இப்பதான் மாடிப்படி இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.