தட்டில் வைத்துக் கொடுத்த கடிதம்

ஜெனிதா நாவல் எழுதி முடித்த செய்தி பட்டினப்பாக்கத்தில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை. கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போய்வரும் அவள் அப்பா லாசர் மட்டும், "மேல இன்னா?" என்று கேட்டார்.

மேலே ஏஜென்ட். எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிறவர். மயிலாப்பூரில் வசுமதி என்று ஒருவர் இருந்தார். அவருடைய இணையதளத்தில் விதிகள் போட்டிருந்தன: ஒரே பக்கக் கடிதம், மெயிலில் மட்டும். போன் கூடாது. பரிசு கூடாது. நேரில் வந்தால் படிக்காமலே நிராகரிக்கப்படும். ஜெனிதா ஒன்றையும் மீறவில்லை. அந்த ஒரு பக்கத்துக்காக, மொத்த நாவலுக்கும் அழுததைவிட அதிகமாக அழுதாள்.

வாரக்கணக்கில் பதில் இல்லை.

"நேர்ல போய்க் குட்த்தியா?" என்றார் லாசர்.

"மெயில்ல அனுப்பிட்டேன் நைனா. அதான் ரூலு."

"கல்யாணப் பத்திரிகைய தபால்ல போட்டா சொந்த சித்தப்பனே வர்மாட்டான். அந்தம்மா எப்டி மதிக்கும்?"

"நேர்ல போனா அவ்ளோதான், எல்லாம் கெட்டுச்சு. போவாத நைனா."

லாசர் போனார். வெள்ளை வேட்டி கட்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மகளின் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அதன்மேல் வைத்து.

திரும்பி வந்து, "வாங்கிக்கினாங்க" என்றார் திருப்தியாக. ஜெனிதாவுக்கு உயிரே போய்விட்டது. இனி அப்பாவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து, சாப்பாட்டு நேரம் வரை அதைக் காப்பாற்றினாள்.

மறுநாள் வசுமதியின் மெயில் வந்தது. அதை வீட்டில் உரக்கப் படித்தாள்.

"உங்கள் பெற்றோர் வந்திருந்தார்கள். விதிப்படி நிராகரித்திருக்க வேண்டும். தட்டை நீட்டியதும் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன். வாங்கிவிட்டுப் படிக்காமல் இருப்பது மரியாதை இல்லை. முழு நாவலையும் அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றால் அதை மெயிலில் சொல்வதும் மரியாதை இல்லை. நேரில் வந்து சொல்கிறேன்."

லாசர் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுந்தது. "அந்தம்மா நம்ம வூட்டுக்கு வருதா!" என்று பக்கத்து வீட்டில் நல்ல நாற்காலி கேட்கப் போனார்.

இதுவரை நிராகரிப்பு என்பது மெயிலில் வரும் ஒரு வரி. யாருக்கும் தெரியாமல் அழித்துவிடலாம். இனி அது படியேறி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லும். ஜெனிதா நாவலைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தாள்.