மிச்சம் நாற்பத்தொன்று

மஞ்சள் ஒயரின் சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதன் நுனியை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உள்ளே தள்ளினாள் சின்னவள். அந்தப் பக்கம் யாராவது வாங்கிக்கொண்டால்தான் ஆகும். வீட்டில் இருந்தவர்களில் அண்ணன் போனில் ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு எழுந்து வரத் தெம்பில்லை.

"அண்ணி, இத கொஞ்சம் பிடிங்க."

"முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு."

"அதுக்குத்தான் பிடிக்கச் சொல்றேன்."

காலை எட்டரைக்கு அடித்த காற்றில் தெருமுனை மரம் டிரான்ஸ்ஃபார்மர் மேலேயே சாய்ந்துவிட்டது. தெரு மொத்தமும் இருண்டதோடு அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினும் நின்றது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். சின்னவள் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருகிற வேலையில் இருப்பவள். மூன்றாவது வீட்டில், ஒரு பாட்டியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது. நரம்பு கிடைத்து, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். வழியிலிருந்தே மின்வாரியத்துக்கு ஆறு முறை போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் வரும் என்று முதலில் சொன்னார்கள், கடைசியில் எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில் அண்ணன் மேல் தப்பு சொல்ல முடியாது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், எதையும் சரியாகப் பார்த்துச் செய்கிறவன். ஆனால் இரண்டு மாதம் முன்னால் அப்பாவைக் கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே பத்தொன்பது மணி நேரம் கிடந்தார். மூத்திரம் வருகிறது என்று சொல்லக்கூட ஆள் கிடைக்கவில்லை. திரும்பி வந்த அன்று சின்னவளைக் கூப்பிட்டார். நாற்பத்து நான்கு வயதாகியும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"பாப்பா, இனிமே என்னை எதுலயும் ஏத்தாத. இந்தக் கட்டில்லயே விட்டுடு."

"சரிப்பா."

"வாய்வார்த்தைக்குச் சொல்லாத."

"நிஜமாத்தான் சொல்றேன்."

அந்த வார்த்தையைக் காப்பாற்ற அவளிடம் இப்போது இருந்தது ஒரு ஒயரும் வாசலில் நிற்கிற காரும்தான். மூன்று மாதம் முன்னால் அந்தக் காரை வாங்கியபோது வீடே அவளைப் பிடித்துக் கிண்டலடித்தது. ஏற்கெனவே வைத்திருந்ததும் மின்சாரக் கார்தான், அதே கம்பெனி, அதே பெயர். ஏழு வருடம் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அதைக் கொடுத்துவிட்டு அதன் புது மாடலை எடுத்து வந்தாள். பார்வைக்கு விளக்குகள் கொஞ்சம் ஒல்லியாகியிருந்தன, அவ்வளவுதான். "நல்லா குடும்பம் நடத்தின மூத்தாள விரட்டிட்டு இளையாள கூட்டிட்டு வந்திருக்கா" என்றான் அண்ணன். அன்றிலிருந்து அந்தக் காருக்கு இளையாள் என்றே பெயர் நின்றது.

அப்பாவும் விட்டுவைக்கவில்லை. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். கார் என்றாலே அவருக்கு ஒரு இளக்காரம். "ஏறினா கதவு சாத்துது, மோட்டார் ஓடுது, எறங்க வேண்டிய எடத்துல எறங்குறோம். படுக்கப் போட்ட லிஃப்ட். இதுல பழசு என்ன, புதுசு என்ன?"

புதியதில் என்ன அதிகம் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு சார்ஜுக்குக் கூடுதல் தூரம் போகும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். கடையில் அவள் கேட்டது ஒரே கேள்விதான். இதிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாமா? எடுக்கலாம் என்றான் விற்பனைக்காரன், சுற்றுலாப் போகிற இடத்தில் அடுப்பு வைத்துக்கொள்ளலாம், பாட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று அடுக்கினான். அவள் நினைத்தது அப்பாவின் மெஷினை. அதை வீட்டில் சொன்னால், ஒரு நாள் கரண்ட் போகும், அப்பாவுக்கு மூச்சு முட்டும் என்று வாயால் சொல்ல வேண்டிவரும். அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை. அந்தப் பயத்திலேயே ஒரு முறைகூட அதைப் போட்டுப் பார்க்காமலும் விட்டிருந்தாள்.

அண்ணி ஒயரை வாங்கி, அதன் நுனியிலிருந்த ப்ளக் போர்டில் மெஷினைச் செருகினாள். சின்னவள் வாசலுக்கு ஓடி, காரின் சார்ஜ் போடும் வாயைத் திறந்து, டிக்கியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த அடாப்டரை அதில் மாட்டினாள். அடாப்டரின் பின்பக்கம் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே ஒரு சாக்கெட். ஒயரின் மறுமுனையை அதில் செருகினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் மூச்சுக் காட்டவில்லை.

"ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்கு வந்துடுச்சு" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. "வெளையாட்ட விட்டுட்டு வந்து அப்பாவோட ஃபைல எடுத்து வை."

கழற்றி மாட்டினாள். காரைப் பூட்டித் திறந்தாள். மூன்று முறை படித்த கார்க் கையேட்டில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ பேரின் நரம்பில் ஊசி ஏற்றிய கை, அன்றைக்கென்று பார்த்துக் காலை வாரியது. ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்தாள். அவர் கட்டை விரலைத் தூக்கி, காற்றில் எதையோ அழுத்திக் காட்டினார்.

"என்னப்பா?"

அவர் முகமூடியை ஒரு விரலால் தூக்கினார். "பட்டன்" என்றார். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, "எதுன்னாலும் ஒரு பட்டன் இருக்கும். தேடு."

சாக்கெட்டின் அடிவயிற்றில், கட்டை விரல் நகமளவு ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மெஷின் ஒருமுறை பீப் என்று கத்திவிட்டு, பழைய இரைச்சலோடு ஓட ஆரம்பித்தது. அண்ணி சிலிண்டரைக் கழற்றிவிட்டுக் குழாயை மெஷினில் மாட்டினாள். அவளுக்கும் மூச்சு அப்போதுதான் வந்தது.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். சின்னவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா வரல."

"அத நீ சொல்லாத" என்றான் அண்ணன். "கார் பேட்டரிய நம்பி அப்பாவ வெச்சுக்க முடியுமா? நடுவுல நின்னு அப்பா செத்துட்டா ஊருக்கு என்ன பதில் சொல்லுவ?"

"வீட்டுல செத்தாருன்னு சொல்லுவேன்."

அண்ணன் கண்ணில் தண்ணீர் நின்றதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவனுக்கும் அவர் அப்பாதான். கதவை விட்டு நகர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஆம்புலன்ஸ் நர்ஸ் அப்பாவின் விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார். தொண்ணூறு. பெரியவரின் இஷ்டம் என்ன என்று அவரிடமே கேட்டார். அப்பா அதற்குப் பதில் சொல்லாமல், மகளைப் பார்த்துக் கேள்வி கேட்டார்.

"வண்டில எத்தன யூனிட்?"

"முழுசா இருந்தா அறுபதுப்பா. இப்ப எழுபத்தெட்டு பர்சன்ட் இருக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நர்ஸ் நினைத்தார். அவர் கணக்குப் போடுகிறார் என்று பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மெஷின் முன்னூத்தம்பது வாட்" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து. "வண்டி தன் வயித்துக்கும் கொஞ்சம் தின்னும். மூணு நாள் ஓடும்." பிறகு கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். "நான் அவ்ளோ ஓட மாட்டேன். இவங்கள அனுப்பு."

அண்ணன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் போகிற போக்கில் காரை ஒரு சுற்று சுற்றிவந்து, இது எந்த மாடல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"தெருவுக்கே கரண்ட் இல்ல, உனக்கு மட்டும் காருக்குச் சார்ஜ் போட எங்கேருந்து வருது? கம்பத்துல ஏதாச்சும் கொக்கி போட்டிருக்கியா?"

"உள்ள போகலக்கா. வெளிய வருது."

"எது வெளிய வருது?"

"கரண்டு. கார்லேருந்து வீட்டுக்கு."

அக்கா ஒயரின் மேல் ஒரு கண்ணும் சின்னவளின் மேல் ஒரு கண்ணுமாக நின்றாள். நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் போனையும், மகளின் போனையும், மாமியாரின் காது மெஷின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் கட்டிலைச் சுற்றிப் பதினோரு போன்கள் சார்ஜில் கிடந்தன. அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு போனாக எடுத்து, யாருடையது என்று கேட்டுவிட்டுக் கீழே வைத்தார். ஃபேன் ஓடியது. ஃப்ரிட்ஜையும் கொண்டுவந்து மாட்டினாள் அண்ணி. அண்ணன் தானே டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தான். அப்பா ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு, சர்க்கரை பத்தவில்லை என்றார்.

மணிக்கொரு தரம் அவர் கேட்டது ஒன்றுதான். "எவ்ளோ?" யாராவது ஒருவர் வாசலுக்குப் போய் காரின் திரையைப் பார்த்துவந்து சொல்வார்கள். அறுபத்தேழு. அறுபத்தைந்து. அறுபத்து நான்கு. ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்து அவர் மறுபடி போட்ட கணக்கு ஒரு புள்ளி பிசகவில்லை என்பதில் அவர் முகத்தில் ஒரு மிதப்பு. மகள் வாங்கிய காரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாகவில்லை என்றதும், "அது என் ஒயரு, லிஃப்ட் வேலைக்கு வாங்குனது" என்றார்.

மறுநாள் காலை வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. மூச்சு இரவிலிருந்தே மேலோட்டமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள். நாடி எப்படிப் போகிறது என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்தான். பத்து மணி இருக்கும். அப்பா உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை, ஆனால் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது.

அண்ணன் எழுந்து ஓடினான். செருப்புக்கூடப் போடாமல் ஓடி, திரையைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"நாப்பத்தொண்ணுப்பா. இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு."

அப்பா புருவத்தை லேசாகத் தூக்கினார். "போதும்" என்றார். அது காதில் விழுகிற அளவுக்கே வந்தது. அதற்குப் பிறகு இரண்டு மூச்சு விட்டார். மூன்றாவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள்.

மெஷின் தன்பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து சின்னவள்தான் அதை நிறுத்தினாள். அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலேயே, வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. கரண்ட் இல்லாமல் அவர் போகவில்லை. யாரும் அவரைத் தூக்கிப்போய் வராந்தாவில் போடவில்லை. தன் கட்டிலில், தன் கணக்கு முடிந்து போயிருக்கிறார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதற்கு அவள் வெட்கப்படவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணன் வாசலிலேயே, காரின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: கரண்ட் போனதால்தானே இப்படி ஆயிற்று?

"இல்லங்க" என்றான் அவன் ஒவ்வொருவரிடமும், அலுக்காமல். "அவரு நேரத்துக்கு அவரு போனாரு. வண்டில நாப்பத்தொண்ணு மிச்சம். என் தங்கச்சி வாங்கின வண்டி." கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் கம்பீரமாக இருந்தது. ஒருவர் நம்பாதது போல் பார்த்ததும், கதவைத் திறந்து திரையைக் காட்டினான்.

மத்தியானம் மின்வாரியத்து ஆள் ஒருவர் கேட்டருகே வந்து நின்றார். இடுப்பில் கயிறு, சட்டை முழுக்க மரத்தூள். வீட்டுக்குள் கூட்டத்தைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. முதல் நாளிலிருந்து தூங்காத முகம்.

"ஆக்ஸிஜன் மெஷின் இருக்குற வீடு இதுதானேம்மா? ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி அனுப்பினாங்க. மரத்த வெட்டி எடுத்தாச்சு. இன்னும் அரை மணி நேரம், எப்படியும் குடுத்துடறேன்."

சின்னவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

"அவசரமில்லங்க" என்றாள். "பாத்து, நிதானமா செய்ங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் டீயை நின்றுகொண்டே குடித்தார். வாசலிலிருந்து ஜன்னலுக்குப் போகிற மஞ்சள் ஒயரைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"நேத்திலேருந்து வீட்டுக்குப் பேசல. இது செத்துக் கெடக்கு. ஒரு அஞ்சு நிமிஷம் போட முடியுமா?"

அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போர்டில் ஓர் இடம்கூடக் காலியில்லை. ஆக்ஸிஜன் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் போனைச் செருகினாள். கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒன்று என்று காட்டியது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அது இரண்டாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.