உன் இஷ்டம் என்றார்கள்

சின்னவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் பிரச்சினையே.

மொழிகள் படிக்க நான்கு வருடம். ஊர் ரொம்பத் தூரம். ரயில் ஏறினால் மறுநாளும் ரயிலில்தான் இருக்க வேண்டும். படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டதால், கையில் காசில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் யாருக்கும் வழியில்லை. வருகிறேன் அல்லது வரவில்லை என்று மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கடையில் ஒரு பிரேமின் காதுப்பக்கக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

“நல்லதும்மா. யோசிச்சு செய். உன் இஷ்டம்.”

அம்மா அடுப்படியில் இருந்தாள். “நான் சொல்ல என்ன இருக்கு? படிச்சவ நீ. உன் இஷ்டம்” என்றாள். சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தை இறக்கி வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அண்ணனும் அதையேதான் சொன்னான்.

“மூணு பேரும் பேசி வச்சிக்கிட்டு சொல்றீங்களா?” என்று கேட்டாள் சின்னவள்.

“யாரு பேசினா? நானும் அப்பாவும் பேசிக்கிறதே இல்லையே.”

அது உண்மை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே அவர்களுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. அப்பா ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, அண்ணன் நடுத் தடுப்பை உடைத்து, கண் பரிசோதிக்கும் அறையைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் பளபளவென்று கண்ணாடி அலமாரி போட்டுவிட்டான். அதன் பிறகு வியாபாரம் கூடியது என்னவோ நிஜம். ஆனால் எழுத்துப் பலகையை வைக்கத் தூரம் போதாமல், சுவரில் நிலைக்கண்ணாடி மாட்டி அதில் எழுத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அப்பா மகனிடம் நேராகப் பேசுவதில்லை. “உங்க அண்ணன்கிட்ட சொல்லு, லென்ஸ் பார்சல் வந்துடுச்சுன்னு” என்பார். அண்ணன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நிற்பான். சின்னவள் சொன்ன பிறகுதான் அவன் காதில் விழும். அவளும் பள்ளி முடித்ததிலிருந்து முன் மேஜையில் உட்கார்ந்து இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே அவளுக்கு நாலைந்து பாஷைகளில் ‘இப்ப தெளிவா தெரியுதா?’ என்று கேட்க வரும். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. ஒரு பாஷையில் வினைச்சொல் ஏன் கடைசியில் வருகிறது, இன்னொன்றில் ஏன் முன்னால் வந்து நிற்கிறது, பெரியவரையும் சின்னவரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறவர்கள் மரியாதையை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்றெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

“அம்மா, நம்ம பாஷைல ‘நாம’ வேற, ‘நாங்க’ வேற இல்லையா? கேக்குறவங்களையும் சேத்துக்கிட்டா நாம, விட்டுட்டா நாங்க. நிறைய பாஷைல அந்த ரெண்டும் கிடையாதும்மா. ஒரே ஒரு வார்த்தைதான்.”

அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். “அப்ப நம்மள சேத்துக்கிட்டாங்களா விட்டுட்டாங்களான்னு எப்படித் தெரியும்?”

“அதான்மா! அதைத்தான் படிக்கணும்.”

“அப்படிப்பட்ட ஆளுங்க நடுவுல போயி நாலு வருஷம் இருக்கப் போறியா?” என்றாள் அம்மா. பிறகு நினைவு வந்தவள்போல, “உன் இஷ்டம்” என்று சேர்த்துக்கொண்டு, மடித்த துணியையே மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

சின்னவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. போகாதே என்று சொன்னால் எதிர்த்துப் பேசலாம். போ என்றால் மூட்டை கட்டலாம். இரண்டும் இல்லாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் படுத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது?

அந்த வாரம் சின்ன மாமா கடைக்கு வந்தார். அம்மாவின் தம்பி. புதுசாக எந்தப் பொருள் வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, ஊரெல்லாம் காட்டுகிறவர். வீட்டில் அவருக்கு ‘விளம்பரம்’ என்று பெயர். அவருக்கு மட்டும்தான் பளிச்சென்று கருத்து இருந்தது.

“மொழியா? அதுக்கா நாலு வருஷம்? எல்லாம் போன்லயே வந்துடுச்சும்மா!”

“போன் சொல்றதெல்லாம் சரியா இருக்காது மாமா.”

“இருக்காதா? வா, பாத்துடலாம்.”

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்கள் பேசிய பாஷை சின்னவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமா போனை நீட்டிவிட்டார். அந்த அம்மாள் போனில் பேசினாள். வீட்டுக்காரருக்குத் தூரத்தில் தெரிகிறது, கிட்டத்தில் தெரியவில்லை, பழைய கண்ணாடி மூக்கில் அழுத்துகிறது, கனம் குறைவாக வேண்டும் என்று போன் வரிசையாகச் சொன்னது. ஒரு தப்புக்கூட இல்லை. சின்னவளாக இருந்தால் அந்த மூக்கு அழுத்துகிற விஷயத்தைத் தவற விட்டிருப்பாள். எங்காவது தடுக்கி விழாதா என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். போன் விழவே இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

“என்ன சொல்ற இப்போ?” என்றார் மாமா.

அவளுக்குக் கோபம் வந்தது. மூக்குக்கண்ணாடி விற்பதற்காகவா அவள் படிக்க ஆசைப்பட்டாள்? இல்லை. பிறகு எதற்கு? அதைச் சொல்லத் தெரியவில்லை. அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாமாவுக்கு இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டது. அன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அண்ணன் போனைப் பார்த்துச் சாப்பிட்டான். மறுநாள் என்ன நாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“நான் போகல” என்றாள் சின்னவள்.

அது உண்மையில்லை. ஏன் போகவில்லை என்று யாராவது கேட்பார்கள், அந்த நூலைப் பிடித்தாவது பேச்சு தொடங்கட்டும் என்றுதான் சொன்னாள்.

யாரும் கேட்கவில்லை. அப்பா தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடு” என்றார். ஒரு மாதமாக அவர் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லை. அம்மா முகம் குளிர்ந்துபோய், “அந்த நீலத் துணிய நாளைக்கே தைக்கக் கொடுத்துடலாம்டி, உனக்கு எடுப்பா இருக்கும்” என்றாள். அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தான்.

“எனக்குத் தெரியும், நீ போக மாட்டேன்னு.”

சின்னவள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

“அப்ப இத்தனை நாளா எல்லாரும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்களா?” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொல்லிட்டு, மனசுக்குள்ள சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா? போகாதேன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?”

“நான் எதுக்கும்மா சொல்லணும்?” என்றார் அப்பா. கை தட்டிலேயே நின்றது. “போகாதேன்னு சொன்னா, காலம் பூரா அப்பாதான் கெடுத்தார்னு சொல்லுவ. போன்னு சொல்லி, அங்க நீ கஷ்டப்பட்டா, நான்தான் அனுப்பி வச்சேன்னு ஆகும். எதுக்கு வாயக் கொடுத்து மாட்டிக்கணும்?”

“ஆகட்டுமேப்பா! மாட்டிக்கங்க! அப்பான்னா மாட்டிக்கத்தான் வேணும்!”

“அவர ஏன்டி சொல்ற?” என்றாள் அம்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “போயிடாதேன்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். இந்த வீட்டுல உன்னை விட்டா எனக்குப் பேச யாரு இருக்கா? இவங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்.”

கடைசியில் வந்துவிட்டது. சின்னவளுக்கு அழுகையும் வந்தது, ஏதோ ஓர் ஆறுதலும் வந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் அண்ணன் குறுக்கே விழுந்தான்.

“என் நிலைமைய யாராவது யோசிச்சீங்களா? இவ போயிட்டா, அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னாகூட நான் என்ன பண்றது?”

அப்பா சின்னவள் பக்கம் திரும்பினார். “ஏன், அவனுக்கு வாய் இல்லையான்னு கேளு.”

“நீங்களே கேளுங்கப்பா” என்றாள் சின்னவள். “என்னால முடியல.”

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டா, உனக்கு வாய் இல்லையா?”

“இருக்கு. நீங்கதான் கேக்க மாட்டீங்க.”

“ரூம உடைக்கும்போது நீ என்னைக் கேட்டியா?”

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?”

“எத்தனை வருஷம் அந்த ரூம்ல நின்னிருப்பேன்! வெளிச்சம் எங்க விழணும்னு பாத்துப் பாத்துக் கட்டினதுடா. இப்ப வயசானவங்களை உக்கார வச்சு, பலகையப் பாக்காதீங்க, கண்ணாடியில பாருங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு. அவங்கவங்க மூஞ்சியப் பாத்துட்டு முடிய ஒதுக்கிக்கிறாங்க!”

“அந்த அலமாரி வந்தப்புறம்தான் கடன் அடைஞ்சது. அதையும் சொல்லுங்க!”

“சொல்லுவேன்டா! நீ மொதல்ல கேட்டியா, அதைச் சொல்லு!”

அவ்வளவுதான். ரொம்ப நாளாக உள்ளே கிடந்ததெல்லாம் இரண்டு பக்கமும் கொட்டியது. தடுப்பில் ஆரம்பித்து, கடைப் பலகையின் நிறத்துக்குப் போய், அண்ணன் பத்தாவதில் தவறியதில் போய் நின்றது. அம்மா, “ஐயோ, ரெண்டு பேரும் நிறுத்துங்களேன்” என்று நடுவில் புகுந்து, அவளும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டாள். ஒரு மாதமாகச் சின்னவள் ஏங்கிய சண்டை அது. அதில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். முன் அறைக்கு வந்து, போனில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டே பொத்தான்கள். நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று பின்னால் பலரிடம் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை. உள்ளே அண்ணன் ‘பத்தாவது, பத்தாவதுன்னு எத்தனை தடவைப்பா’ என்று கத்தியபோது அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. ஆசையில் அழுத்தினாளா, ஆத்திரத்தில் அழுத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. நன்றி என்று போன் காட்டியது.

அவள் உள்ளே போய் நின்றாள். “நான் போறேன். பதில் அனுப்பிட்டேன்.”

யார் காதிலும் விழவில்லை.

“நான் போறேன்!”

அம்மா திரும்பினாள். “இந்த நேரத்துல எங்கடி போற?”

“படிக்கம்மா.”

அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவும் அண்ணனும் வாயை மூடினார்கள். சபாஷ் என்றோ, பாவி என்றோ யாராவது சொல்வார்கள் என்று அவள் நின்றாள். அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

அதன் பிறகு வந்த நாட்கள் இதைவிட மோசம். அப்பா இப்போது மகனோடு பேசினார், மகளோடு பேசவில்லை. “அவகிட்ட சொல்லுடா, குளிருக்கு எதுவும் வாங்கலையான்னு” என்பார். அண்ணனும் அப்பாவும் ஒரு நாளைக்கு மூன்று தரம் மோதிக்கொண்டார்கள். பேசாமல் இருந்தபோதே வீடு நிம்மதியாக இருந்தது என்று அம்மா புலம்பினாள்.

முன் மேஜைக்கு ஒரு பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். முன்பு மருந்துக்கடையில் இருந்தவள். ஒரு பாஷைக்கு மேல் தெரியாது. இவள் எப்படிச் சமாளிப்பாள், நான் போனால் கடை திண்டாடும் என்று சின்னவள் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். முதல் நாளே வேற்றுமொழிக் குடும்பம் ஒன்று வந்தது. அந்தப் பெண்மணி கையைக் காட்டினாள், கண்ணைச் சுருக்கிக் காட்டினாள், அலமாரிக்கு இழுத்துப்போனாள், வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் இரண்டு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள். “கெட்டிக்காரி” என்றார் அப்பா, சின்னவளுக்குக் கேட்கும்படி. சின்னவள் பரிசோதனை அறைக்குள் போய், துடைத்து வைத்த லென்ஸ்களை எல்லாம் எடுத்து மறுபடி துடைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் பெட்டி வாங்க அண்ணன் கூட்டிக்கொண்டு போனான். சின்னப் பெட்டி போதும் என்று அவனும், பெரியதுதான் வேண்டும் என்று இவளும் கடை நடுவில் நின்று வாதாடினார்கள்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளுக்குப் போறீங்க?” என்று கேட்டார்.

“நாலு வருஷம்” என்றான் அண்ணன். பிறகு, அவர் கேட்காமலே, “லீவுக்கு வருவா” என்றான்.

“அப்ப பெருசா எடுங்க” என்றார் கடைக்காரர்.

பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பத்தடி தாண்டுவதற்குள் அதன் ஒரு சக்கரம் கோணிக்கொண்டு பெட்டியைச் சாக்கடைப் பக்கம் இழுத்தது. அண்ணன் காலால் தட்டி நேராக்கினான். மறுபடி கோணியது.

“மாத்தி வாங்கலாம்” என்றாள் சின்னவள்.

“இதுக்குப் போயி திரும்பி நடக்கணுமா? போகப் போக சரியாயிடும், வா.”

“ஆகாது.”

“ஆகும். உன் அவசரத்துக்கு எல்லாம் ஆகுமா?”

அவள் அவன் கையிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டாள். பெட்டியைத் திருப்பி, கோணல் சக்கரம் தரையில் கரகரவென்று தேய, வந்த வழியே கடைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் நடுத்தெருவில் நின்று, “பிடிவாதம், பிடிவாதம்” என்று யாரிடமோ சொன்னான். பிறகு பின்னாலேயே வந்தான்.