நான்கு பிரைமர் பூசிய கார்

“பதினேழு நாளா எபாக்ஸியா, எட்ச்சா, எபாக்ஸியா, எட்ச்சான்னு. காருக்கு பெயின்ட் அடிக்கிறீங்களா, இல்ல பேரு வெக்கிறீங்களா?”

“கத்தாதம்மா, தெருவே கேக்குது.”

“கேக்கட்டும். அவங்களாவது ஒண்ணைச் சொல்லட்டும்.”

தெரு கேட்கத்தான் செய்தது. எதிர்மாடியில் காய்ந்து முடிந்த துணியை ஒருத்தி மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

சத்தம் போட்டவள் நர்ஸ். திட்டு வாங்கியவர் அவள் வீட்டுக்காரர், கடைத்தெருவில் இருபது வருடமாகக் கண் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். எங்களுக்குக் கண்ணாடிக்காரர். நர்ஸுக்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்த வேறொரு ஊரில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று வியாழன். காருக்குப் பெயின்ட் அடித்ததும் கடையை மூடிவிட்டு இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு.

காரில் இருந்ததென்னவோ பின்சக்கரத்துக்கு மேலே கட்டைவிரல் அகலத் துரு. “அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு அடிச்சிருங்க மாமா” என்றான் மைத்துனன், நர்ஸின் தம்பி, டயர் கடை வைத்திருப்பவன். இவர் எலியைப் பிடிக்க மலையைக் கெல்லிய கதையாக, கார் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகடாக்கி நிறுத்தினார். வெறும் தகடு யாருக்காகவும் காத்திருக்குமா? விடிந்தால் பழுப்பேறி நிற்கும். காலையில் அதைத் தேய்ப்பார், மாலையில் அடிப்பூச்சுக்கு எந்த பிரைமர் என்று யோசிப்பார், மறுநாள் மறுபடி தேய்ப்பார். இடையில் காரைக் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றி வருவார்.

பெயின்ட் கடைக் கவுன்ட்டர் பெண் பொறுமைசாலி.

“வெறும் தகட்டுக்கு எபாக்ஸி நல்லது சார், தண்ணி புகாது. எட்ச்ல அமிலம் இருக்கு, தகட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனா அது மேல எபாக்ஸி ஒத்துக்காது. ரெண்டுல ஒண்ணு எடுங்க.”

“ரெட் ஆக்சைடு?”

“அது வாசல் கேட்டுக்கு சார்.”

“சர்ஃபேஸர்?”

“அது மேடு பள்ளத்தை நிரப்புறதுக்கு. தனியா விட்டா தண்ணியைக் குடிச்சிரும்.”

இதைக் கேட்கவே அவர் ஐந்து தடவை போனார். ஐந்து தடவையும் மைத்துனன் கூடப் போனான். வாங்காத டப்பாவைத் தூக்கிவர இரண்டு ஆள் எதற்கென்று தெருவில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரியவேண்டும் என்பதும் இல்லை.

வியாழக்கிழமைச் சண்டைக்குப் பிறகு அவர் ஒரு வேலை செய்தார், கண்ணாடிக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வேலை. கடையில் ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டு “இது தெளிவா?” என்பார், மாற்றிப் போட்டு “இல்ல, இதுவா?” என்பார். அதே மாதிரி வெள்ளிக்கிழமை நான்கு பிரைமரையும் வாங்கிவந்து பக்கத்துக்கு ஒன்றாக அடித்தார். வலப்புறம் எபாக்ஸி, இடப்புறம் எட்ச், பானெட்டில் ரெட் ஆக்சைடு, டிக்கியில் சர்ஃபேஸர். கூரைக்கு எபாக்ஸியில் மிச்சம்.

“என்ன மாமா, நாலு கார்ல இருந்து திருடி ஒட்டின மாதிரி இருக்கு?”

“சோதனை மாப்ள. ஜெயிக்கிறது எதுவோ, அதை அடிப்போம்.”

சனிக்கிழமை ஒரு சாய்மழை. ஞாயிறு காலை, நர்ஸ் பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்தபோது, அவர் கடை லென்ஸை வைத்துக்கொண்டு டிக்கியின்மேல் கவிழ்ந்திருந்தார். சர்ஃபேஸர் நனைந்த பிஸ்கட் மாதிரி தண்ணீர் குடித்திருந்தது. ஓரத்தில் குண்டூசி முனையளவில் பழுப்புப் புள்ளிகள். எபாக்ஸிப் பக்கம் ஒரு குறையும் இல்லை.

“முடிவாயிருச்சும்மா. எபாக்ஸிதான்.” இருபது நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

“சரி. இப்போ?”

“மத்த மூணையும் சுரண்டி எடுக்கணும். திரும்ப வெறும் தகடாக்கணும். பதினஞ்சு நாள் போதும்.”

நர்ஸ் டிக்கியைத் திறந்து பெட்டியை வைத்தாள். “உங்களுக்கு வர இஷ்டமில்லன்னா அதைச் சொல்லுங்க. காரை ஏன் சாக்குக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

கையிலிருந்த லென்ஸை அவர் சட்டையில் துடைத்தார். அழுக்கில்லாததை எவ்வளவு நேரம் துடைப்பது? இங்கே அவர் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் மூக்கில் அவர் போட்ட கண்ணாடி. அங்கே? நர்ஸம்மா வீட்டுக்காரர். பை தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர். இந்த நினைப்புதான் இருபது நாளாக உள்ளே புழுவாகக் குடைந்துகொண்டிருந்தது. அதன்மேல் எந்த பிரைமரும் பிடிக்கவில்லை.

“அங்க நான் யாரு?” என்றார்.

அவள் டிக்கியைச் சாத்தினாள். “முதல் வாரம் யாருமில்ல. நானும்தான். எனக்கு மட்டும் அங்க யாரைத் தெரியும்?”

“மேல்பூச்சு இல்லாம ஓட்டக்கூடாதும்மா. துரு பிடிச்சிரும்.”

“பிடிக்கட்டும்.”

அவர் கார்க் கதவின் கைப்பிடி வரை போனார். அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, இன்னும் ஈரமாயிருக்கிறதா என்று தடவிப் பார்த்தவர்போல விட்டுவிட்டார். அவள் மட்டும் ஓட்டிப்போக, நான்கு நிறக் கார் தெருமுனை திரும்பியது.

அடுத்த மூன்று வாரம் அவர் கடைக்குப் போனார், வந்தார், கார் இல்லாத ஷெட்டைக் கூட்டினார். ஒரு நாள் பகலில், கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே நர்ஸிடமிருந்து போன் வந்தது. மைத்துனன் அங்கே இருந்தான், ஆகவே எங்களுக்கும் தெரியும்.

“குவார்ட்டர்ஸுக்கு ஃபாரம் குடுத்தாங்க. எத்தனை பேர்னு கேட்டிருந்தது. ஒருத்தர்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“திருத்த முடியாதா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் முடியும்.”

அன்று புதன். வாடிக்கையாளரைப் பாதிச் சோதனையில், ஒரு கண் மூடியபடி, நாற்காலியிலேயே விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினார். வியாழன் காலை பஸ்ஸில், மடியில் லென்ஸ் பெட்டியோடு கிளம்பினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொள்ளாதது குறித்து எங்களில் சிலருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மைத்துனன் அதிலிருந்து ஏழாம் மாதம் கவுன்ட்டர் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் திறந்து அவள் இப்போது சொந்தமாகப் பெயின்ட் விற்கிறாள். அக்காவின் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்; எதிர்மாடிக்காரி மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டதால், அவர்கள் சண்டை எங்களுக்கு முழுதாக வந்து சேருவதில்லை.