மெத்தையை விட்டு எழாதவர்

பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்த தனபாலன், காலையில் கல்லாப் பெட்டிக்கு முன் மெத்தையில் சம்மணம் போட்டால் இரவு கடை கட்டும்போதுதான் எழுந்திருப்பார். தாகமெடுத்தால் தண்ணீர்தான் அவரிடம் வரும். முதலாளி என்றால் அசையக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். ஒரு காலத்தில் துணி மூட்டையோடு தியாகராய நகர் முழுக்க அலைந்த கால்கள், மழையில்லாத ஊரில் மடக்கி வைத்த குடைபோல் சும்மா கிடந்தன. எழுந்திருக்கக் கணக்குப்பிள்ளை வேலு கை கொடுப்பார். அதையும் மரியாதை என்றே தனபாலன் நம்பினார்.

கடைக்கு மேலேதான் வீடு. மனைவி சண்முகவடிவு முழங்கால் வலியால் படியிறங்க முடியாமல் மாடியிலேயே முடங்கியிருந்தாள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. அடையாறு டாக்டரம்மா, மாத்திரையைவிட இவளுக்குத் தொடையில் பலம் வேண்டும் என்று சொல்லி, உள்தொடைக்கும் வெளித்தொடைக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

தனபாலன் பதறிப்போனார். "ஏளா, வீட்டுப் பொம்பள காலத் தூக்கி ஆட்டிக்கிட்டுக் கெடந்தா பாக்குதவன் என்ன சொல்லுவான்?"

மாடியில் பார்ப்பதற்கு நான்கு சுவர்களைத் தவிர யாருமில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், தன் மகனுக்கு அவர்கள் மகளைப் பெண் கேட்டிருந்த சிதம்பரநாதன் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து கும்பிட்டார். தனபாலன் எழப் பார்த்தார். மனசு எழுந்தது, தொடை எழவில்லை. வேலு சாப்பிடப் போயிருந்தார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, உட்காரும்படி மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

சிதம்பரநாதனின் முகம் கறுத்தது. வந்தவருக்கு எழுந்து நிற்காத வீட்டில் சம்பந்தமா? வாசலில் விட்ட செருப்பை நோக்கித் திரும்பிவிட்டார்.

மாடிப்படியின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வடிவு, சுவரைப் பிடிக்காமல் இறங்கி வந்தாள். தனபாலன் வாயைப் பிளந்தார்.

"போயிராதீக அண்ணாச்சி. இவுகளுக்கு மரியாதை இல்லாம இல்ல, தொடையில பலம் இல்ல. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. முழங்காலுக்கு நடுவுல தலகாணிய வச்சு அமுக்கினேன். ஒருக்களிச்சுப் படுத்துக் கால மெல்லத் தூக்கி எறக்கினேன். இவுக மானம் போகும்னாக, நான் கதவச் சாத்திக்கிட்டுச் செஞ்சேன். இப்ப கால் வந்திருக்கு, மானம் எங்கயும் போகல."

சிதம்பரநாதன் காலை நுழைத்த செருப்பைக் கழற்றினார். பிறகு திரும்பி வந்து, கடையில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுலயும் அவ படியேற முடியாமத்தான் கெடக்கா, தங்கச்சி. நானும் வெளிய சொல்லல. அந்தத் தலகாணி சங்கதியக் கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க."

வடிவு சொல்லச் சொல்ல, தனபாலன் மெத்தைத் திண்டை உருவி முழங்கால்களுக்கு நடுவில் செருகி அமுக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு வடிவை நோக்கிக் கை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்க, எழுந்து நின்று சம்பந்தியைக் கும்பிட்டார்.

"சத்தமாவே சொல்லுளா, நாலு பேரு கேக்கட்டும். ஒடம்பப் பேணுறதுல என்ன வெக்கம்? பொண்டாட்டி வலியப் பொத்தி வச்சுட்டு அத மானம்னு சொன்னேனே, அதுதான் வெக்கக்கேடு."